மூன்றாம் அட்டையை வாசித்தவன்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட மலர் போடுகிற நம் வகுப்புக்காரர்களே, தெரிந்ததுதானே என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கினவன் நான். இன்றைக்குக் கோவில்பட்டிக்கு வெளியே, எட்டயபுரம் ரோட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறேன். மூன்று மிஷின், முப்பத்தெட்டுப் பேருக்கு வேலை. அந்த இடத்தை வாங்கினபோது, "கரிசல்ல கட்டடம் நிக்காது அண்ணாச்சி, ரெண்டு மழைக்குச் சுவர் வாயைப் பொளந்துரும்" என்று கொத்தனாரே சொன்னார். எட்டடி தோண்டிக் கரிசலை அள்ளி எறிந்துவிட்டு, சரளை போட்டு நிரப்பிக் கட்டினேன். பதினாறு மழை பார்த்தாச்சு, மயிரிழை விரிசல் கிடையாது. உப்புத் தண்ணிதான் வரும் என்ற இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணி எடுத்தேன். முதல் இரண்டு போரில் உப்புதான் வந்தது, அதையும் ஒளிக்கவில்லை. மாடி வைத்து வீடு கட்டினேன். மகளை என்ஜினீயருக்குப் படிக்க வைத்தேன். நம் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எடுத்துக் கொடுத்தேன். அதற்குக் கல்வெட்டு வைத்துவிட்டீர்கள், அந்தக் கணக்கு முடிந்தது.

ஆனால் நான் முதலில் கட்டினது இதில் எதுவும் இல்லை. நம் அஞ்சாம் வகுப்புத் தமிழ்ப் பாடம். சிரிக்காமல் வாசியுங்கள். நமக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி ஏறிவிட்டது. இப்போது எழுதாவிட்டால் எவனாவது ஒருத்தன் தப்பாக எழுதிவிடுவான்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஊரைச் சுற்றிக் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். எத்தனை கோலிக்குண்டு அதற்குள் போட்டிருக்கிறோம், ஒன்றாவது திரும்பி வந்ததா? பள்ளிக்கூடத்தில் ஒரே ஹால். நடுவில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, இந்தப் பக்கம் அஞ்சாம் வகுப்பு, அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு. அஞ்சாம் வகுப்புக்கு டீச்சர். நாலாம் வகுப்பையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துப் பெரிய சார் பார்த்துக்கொண்டார்.

மழையைப் போலவே புத்தகமும் வரவில்லை. முப்பத்தாறு பேருக்கு ஒன்பது தமிழ்ப் புத்தகம்.

டீச்சர் கடம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பச்சை ஒயர்க் கூடை. அதற்குள் தூக்குவாளி, சீப்பு, ஒரு நீலப் பைல். அந்தப் பைல் மதுரையில் பத்து நாள் ட்ரெயினிங் போனபோது கொடுத்தது. வந்தவுடனே நம்மை நாலு நாலு பேராகப் பிரித்து வட்டமாக உட்கார வைத்தார். குழுவுக்கு ஒரு புத்தகம். ஒருத்தர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, பிறகு கலந்து பேச வேண்டும். குழு வாசிப்பு என்றார்.

என் குழுவில் தையல்காரர் மகள், பலசரக்குக் கடைக்காரர் மகன், ஆட்டுக்காரர் மகன், நான். தலைவன் நான். ஏனென்றால் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவன் நான் என்று டீச்சர் நினைத்தார். பெரிய சாரும் அப்படித்தான் நினைத்தார். சுதந்திர தினத்துக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து மேடையில் ஏற்றினால், தண்ணி ஊற்றின மாதிரி வாசிப்பேன்.

எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. ஒட்டின பெட்டிக் கட்டைக் கொடுக்க அவசரம் என்றால் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டாள். ஒண்ணாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாதி நாள் நான் பசைச் சட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எழுத்து சொல்லிக் கொடுத்த நாளெல்லாம் அப்படிப் போய்விட்டது. ஆனால் காது இருந்ததே. வகுப்பு சத்தமாக ரெண்டு தடவை வாசித்தால், மூணாம் தடவை எனக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். படத்தைப் பார்த்ததும் பாடம் வாயில் வந்துவிடும்.

ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையை நாம் ஆபீஸ் என்போம், வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். விடியும் முன்னால் ஆபீஸ் வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அக்கா அஞ்சாம் வகுப்பு முடித்த மறுவாரம் அந்த வேனில் ஏறினாள். என்னைப் பற்றி அம்மா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள்: "படிப்பு ஏறுதா, படி. ஏறலையா, வேன் நிக்கு." எனக்கு வாசிக்கத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் அன்று சாயங்காலமே அம்மாவுக்குத் தெரியும். மறுநாள் எனக்கு வேன்தான்.

குழு வாசிப்பு ஒரு மாதம் நடந்தது. நடந்த லட்சணம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பிள்ளை வாசிக்கும், மற்ற மூணும் ஓட்டில் பல்லியை எண்ணும். எங்கள் வட்டத்தில் தையல்காரர் மகள் வாசிப்பாள், நான் கேட்டுக்கொண்டு அதை அப்படியே டீச்சரிடம் ஒப்பிப்பேன். இதைவிட வசதி எனக்கு வேறு உண்டா?

பெரிய சார் ஒருநாள் பலகைக்கு மேலே தலையை நீட்டினார். "டீச்சர், இது வகுப்பா, திங்கக்கிழமைச் சந்தையா? இங்கன நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்லுதேன், எட்டேழு அம்பத்தாறு நரின்னு சொல்லுதானுவ எம் பிள்ளைய."

"மதுரையில இப்படித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க."

"மதுரையில ஆளுக்கு ஒரு ரூம் இருக்கும். அதிகாரி அடுத்த மாசம் வாராவ. அவிய முன்னால பிள்ளைய வாசிக்கலேன்னா, வரிசையா உக்கார வச்சு நானே எடுத்துக்கிடுதேன்."

டீச்சர் சாக்பீஸை இரண்டாக ஒடித்தார், நாலாக ஒடித்தார். அன்றைக்குப் பார்த்து எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தலைவன் இல்லையா?

"டீச்சர், எல்லார் கையிலயும் ஒரே பாடத்தைக் குடுத்தா நல்லா வாசிக்கவதான் வாசிப்பா. மத்தவன் என்னத்துக்கு வாசிக்கணும்?"

"பின்னே என்னலே செய்ய?"

எங்கள் வீட்டு வேலையைச் சொன்னேன். தீப்பெட்டியில் குச்சி இருக்கிறது அடிப்பெட்டி, அதன் மேல் ஏறுகிற உறை மேல்பெட்டி. வீட்டில் அம்மா மேல்பெட்டி ஒட்டினால் அம்மா அதை மட்டும்தான் ஒட்டுவாள். அடிப்பெட்டி அக்காவும் நானும். ஒருத்தர் வேலையை ஒருத்தர் தொடக்கூடாது. கை மாறினால் அளவு மாறும், ஒன்றுக்குள் ஒன்று போகாது. ஆபீஸ் ஏஜென்ட் மாமா வந்து, நாங்கள் ஒட்டின கட்டைப் பிரித்து, கண்ட இடத்தில் கையை விட்டுப் பத்துப் பெட்டியை எடுத்துச் செருகிப் பார்ப்பார். ஒன்று இறுக்கினாலும் கட்டு முழுசும் திரும்பி வரும். அதனால் அவரவர் பங்கை அவரவர் ஒழுங்காகச் செய்துதான் ஆக வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எப்படிச் செய்கிறார் என்று ஒரு கண்ணும் வைக்க வேண்டும்.

டீச்சர் கூடைக்குள்ளிருந்து நீலப் பைலை எடுத்துப் புரட்டினார். கொஞ்ச நேரம் வாசித்தார். "ஏலே, இதத்தான் பத்து நாளும் சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் விளங்கல."

மதுரையில் சொன்னது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். நம் வகுப்பில் விளங்க வைத்தது யார்? அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. முந்தைய வருஷத்துக் கிழிந்த புத்தகம் ஒன்றை டீச்சர் கொண்டு வந்தார். ஒரு கதையை நாலு துண்டாக வெட்டினோம். ஏஜென்ட் மாமா கழித்துப் போட்ட அட்டைகளை நான் கொண்டு வந்தேன். பசையும் எங்கள் வீட்டுப் பசை: மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினது, எலி தின்னாது. இளம் பச்சையாக, செம்புக்காசு வாடை அடிக்கும். ஒரு அட்டைகூட அலை அலையாகச் சுருங்கவில்லை, என் கை வேலை. மற்றக் குழுக்களுக்கு டீச்சர் வேறு வேறு கதைகளை வெட்டிக் கொடுத்தார், அதையும் நானே ஒட்டினேன். அந்த அட்டைகள் இப்போது எங்கே? ஒன்று கிடைத்தால் என் கம்பெனி ஆபீஸில் கண்ணாடி போட்டு மாட்டுவேன்.

சட்டம் இரண்டு. ஆளுக்கு ஒரு துண்டு, அடுத்தவன் துண்டை வாசிக்கக்கூடாது. அவரவர் துண்டை வாசித்து மற்ற மூணு பேருக்குச் சொல்லிக் கதையைச் சேர்க்க வேண்டும். கடைசியில் டீச்சர் யாரையாவது எழுப்பி எந்தத் துண்டையாவது கேட்பார். ஒருத்தர் குழறினாலும் கட்டுத் திரும்பியது என்று அர்த்தம். தேறுகிற குழு, ஒரு வாரத்துக்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம். அந்த வருஷம் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போவது எவ்வளவு பெரிய கெத்து.

அட்டையைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு மூணாம் அட்டை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூணாம் துண்டு என் கையில் மட்டும்தான் இருக்கிறது. வேறு யாரும் அதைச் சத்தமாக வாசிக்கப் போவதில்லை. என் காதுக்கு வேலையே இல்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்தவன், எனக்கு நானே குழியை வெட்டிப் பசையும் தடவி வைத்திருக்கிறேன்.

கதை, தண்ணி இல்லாத ஒரு ஊரில் ஊருணி வெட்டுவது பற்றி. கடைக்காரர் மகன் முதல் அட்டையைச் சொன்னான்: ஊரில் தண்ணி இல்லை. ஆட்டுக்காரர் மகன் திக்கித் திக்கி இரண்டாவதைச் சொன்னான்: எங்கே வெட்டுவது என்று ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. என் முறை. நான் அட்டையைப் பார்த்து, நல்ல குரலில் ஒரு விடு விட்டேன். வடக்குத் தெருக்காரர்கள் வெட்டினார்கள், பானை ஒன்று கிடைத்தது, பானைக்குள் தங்கக் காசு. கடைக்காரர் மகன் வாயைப் பிளந்து கேட்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ராஜா வந்திருப்பார்.

தையல்காரர் மகள் தன் அட்டையைப் பார்த்தாள். "எனக்கு, 'அந்தக் குருவி பறந்து போன திசையில் ஊரார் தோண்டினார்கள்'னு ஆரம்பிக்கு. குருவி எங்கலே?"

"குருவியா? அது ரெண்டாம் அட்டையிலயே செத்துப் போச்சே."

"என் அட்டையில குருவியே கெடையாது" என்றான் ஆட்டுக்காரர் மகன்.

"பானையைக் கண்டுட்டு ஓடிப்போச்சோ?" என்றான் கடைக்காரர் மகன்.

தையல்காரர் மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு எதையும் அளந்து பார்க்கிற கண். "விரல் வச்சு வாசி" என்றாள். வைத்தேன். என் வாய் நாலு வாக்கியம் போய்விட்டது, விரல் முதல் வரியில் பாதியில் நின்றது. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சவத்த மூதி, உனக்கு வாசிக்கவே தெரியாதா?"

"டீச்சர்ட்டச் சொல்லுதேன்" என்று எழுந்தான் கடைக்காரர் மகன். அவன் டவுசரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "சொன்னா நாளைக்கு நான் வேன்ல போயிருவேன்ல" என்றேன். அழவில்லை. அழுதேன் என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான், நம்பாதீர்கள்.

தையல்காரர் மகள் யோசித்தாள். "இவன் போனா நமக்கு மூணாம் அட்டை இல்ல. இருந்தாலும் இவன் குழறுவான், கட்டுத் திரும்பிரும். புத்தகம் வேணும்னா இவனுக்குச் சொல்லிக் குடுக்கணும். வேற வழி கெடையாது."

பாவம் பார்த்து ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். பாவம் பார்த்திருந்தால் சட்டத்தை மீறி என் அட்டையை அவளே வாசித்து, என்னை மனப்பாடம் பண்ண வைத்திருப்பாள். நான் பழையபடியே இருந்திருப்பேன். புத்தகத்து மேல் இருந்த ஆசைதான் அவளை ஒழுங்காகச் செய்ய வைத்தது.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடம் எங்கள் பள்ளிக்கூடம் ஆனது. சாம்பலைப் பரப்பி விரலால் எழுதுவோம். பரப்பினால் அழிந்துவிடும், சாட்சி இருக்காது. தையல்காரர் மகள் எழுத்து சொல்லிக் கொடுத்தாள். அதற்கு முட்டை போடுகிற நாளில் என் முட்டை அவளுக்கு. கடைக்காரர் மகன் கடையிலிருந்து சீரகப் பொட்டலம் கட்டுகிற பழைய பேப்பரைக் கொண்டு வந்து, "இதுல எத்தனை 'க' இருக்கு, எண்ணு" என்பான். ஆட்டுக்காரர் மகன்தான் கொம்புக்கு வாத்தியார். ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்று தலையில் விரலை வைத்துக் காட்டுவான். அவனுக்கே அது போன மாதம்தான் பிடிபட்டிருந்தது. அதனாலோ என்னவோ, அவன் சொன்னது எனக்குச் சட்டென்று ஏறியது.

எனக்கு ஒரு வசதி. சொல் எல்லாம் ஏற்கெனவே காதில் இருந்தது, கண்ணுக்கு மட்டும்தான் வர வேண்டும். மூணே வாரம். இதுவும் சும்மா வராது, மூளை வேண்டும். எத்தனை குருவி மூணாம் அட்டையில் உண்டு தெரியுமா? அஞ்சு இடத்தில் உண்டு.

கார்த்திகையில் மழை பிடித்தது. அதிகாரி வந்த அன்றைக்குக் கரிசல் களியாகிக் கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்குள் அவருடைய செருப்பு ஒவ்வொன்றும் பலாப்பழம் கனத்தில். வாசலில் கழற்றி, குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "இந்தக் குழு வாசிப்பு, அதக் காட்டுங்க பாப்போம்."

பெரிய சாருக்குத் தெம்பு. அவருக்கு நான் இருக்கிறேன். "இந்தப் பையனக் கேளுங்க சார். நம்ம ஸ்கூல்லயே நல்லா வாசிக்கவன்."

அதிகாரி எங்கள் வட்டத்தில் வந்து உட்கார்ந்தார், தரையில்தான். ஒன்பது குழுவின் அட்டைகளையும் வாங்கிக் கலைத்தார். கையில் வந்த ஓர் அட்டையை என்னிடம் நீட்டினார். மூணாம் அட்டைதான், ஆனால் வேறு குழுவின் கதை. என் கையால் ஒட்டினதுதான், ஆனால் ஒரு வரி வாசித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

விரலை வைத்தேன். "ம...ழை... மழை... பெய்... பெய்த..." ஒவ்வோர் எழுத்தாக, கல்லும் பள்ளமுமான பாதையில் வண்டி போகிற மாதிரி போனேன். நாலு வரிக்கு எவ்வளவு நேரம் ஆனதோ. முடித்து நிமிர்ந்தேன். எனக்குப் பெருமை என்றால் பெருமை. என் வாழ்க்கையில் நானாக வாசித்த முதல் புதுக் கதை.

பெரிய சார் முகம் கறுத்துவிட்டது.

"சார், போன வருஷம் வரை தண்ணி மாதிரி வாசிச்ச பையன் சார் இவன். இந்த வட்டம் போட்டு வட்டம் போட்டு, இருந்த படிப்பையும் கெடுத்துட்டாங்க. நீங்களே பாத்துட்டீங்க." பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "நாளையிலருந்து வரிசை" என்றார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, விளங்காத பார்வை. தையல்காரர் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூணு வாரமாகக் காத்த ரகசியம், அவளும் மற்ற இருவரும் எப்படிச் சொல்வார்கள்? அதைச் சொல்ல அந்த ஹாலில் ஓர் ஆளுக்குத்தான் உரிமை. சொன்னால் அவனுக்கு வேன்.

எழுந்து நின்றேன்.

"சார், போன வருஷம் நான் வாசிக்கல. ஒப்பிச்சேன். எனக்கு எழுத்தே தெரியாது. இந்த மூணு பேரும் சொல்லிக் குடுத்துதான் இப்ப வாசிக்கேன்."

"பொய் சொல்லுதான் சார்" என்றார் பெரிய சார்.

அதிகாரி பலகைக்கு அந்தப் பக்கமிருந்து நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை எடுத்து, நான் போன வருஷம் மேடையில் வெளுத்து வாங்கின பக்கம் எது என்று டீச்சரிடம் கேட்டார். அந்தப் பக்கத்தைக் காட்டியதும், தன் உள்ளங்கையால் படத்தையும் முதல் நாலு வரியையும் மூடிக்கொண்டார். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டார். போன வருஷம் தண்ணியாக ஓடின பக்கத்திலேயே எழுத்துக்கூட்டித்தான் சொன்னேன். இன்னொன்றைத் தொட்டார், சொன்னேன். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தம்பி மாதிரி ஒப்பிச்சுக்கிட்டிருந்தவங்க வேற யாரும் இருக்கீங்களா? அடிக்க மாட்டேன்."

முதலில் ஆட்டுக்காரர் மகன் எழுந்தான். பிறகு ஒவ்வொருத்தராக. பதினோரு பேர். யார் யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

பெரிய சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம். இன்றைக்கு முப்பத்தெட்டுப் பேரை வேலை வாங்குகிறவனாக யோசித்தால், ஒரே ஹாலில் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு மனுஷர் சத்தத்தைத்தான் படிப்பு என்று நம்பியிருக்கிறார். நானும் அவருக்கு நல்ல சத்தம் கொடுத்திருக்கிறேன். அதிகாரி நோட்டில் எழுதிவிட்டு, "இது நடக்கட்டும்" என்று எழுந்து போனார். வரிசை வரவில்லை.

சாயங்காலம் பெரிய சார் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா பசைக் குச்சியாலேயே முதுகில் இரண்டு வைத்தாள். வேன் பேச்சு வரும் என்று நின்றேன்.

"நாலு வருசமா வாத்தியாரையும் என்னையும் ஏமாத்துன வாயி. இத ஆபீஸுக்கு அனுப்பினா அங்க யாரை ஏமாத்துமோ. பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும் சார்" என்றாள்.

அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி அக்கா வந்தாள். கையெல்லாம் தீக்குச்சி மருந்து வாடை. என் கையில் இருந்த மூணாம் அட்டையை வாங்கி, நின்ற வாக்கிலேயே ஒரே மூச்சில் வாசித்தாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. திருப்பித் தந்துவிட்டுக் கை கழுவப் போனாள். அம்மா தலையைக் குனிந்து பெட்டியை ஒட்ட ஆரம்பித்தாள். இன்றைக்கு என் கம்பெனியில் அக்கா பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு லோடு வெளியே போகாது. அது நான் கட்டினதில் சேராது, அக்காவுடையது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட மலரின் அச்சுப்படி வந்தது. எழுத்துக்கூட்டாமலே வாசித்தேன். "தலைமையாசிரியரின் வழிகாட்டுதலில் குழு வாசிப்பு முறை கொண்டுவரப்பட்டு, அதிகாரி வருகையின்போது மாணவர்கள் சரளமாக வாசித்துப் பாராட்டுப் பெற்றனர்" என்று போட்டிருக்கிறீர்கள். யார் சரளமாக வாசித்தது? சரளமாக வாசித்தவரைக்கும் நம்மில் பன்னிரண்டு பேர் வாசிக்கவே இல்லையே.

இப்படி மாற்றுங்கள். முதல் வரி டீச்சருக்கு. அதற்கு அடுத்து தையல்காரர் மகளையும் மற்ற இருவரையும் பேர் சொல்லிப் போடுங்கள். பாடத்தைத் துண்டு போடச் சொன்னவன் என்று என் பேரையும் போடுங்கள், அட்டை ஒட்டினவன் என்றும் சேர்க்கலாம். இடம் இல்லை என்றால் அதையெல்லாம் விட்டுவிடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஒன்றை மட்டும் விடக்கூடாது. நன்றாக வாசிக்கிறவர் எல்லா வகுப்பிலும் இருப்பார், டீச்சரும் இருப்பார், நீலப் பைலும் இருக்கும். வாசிக்கத் தெரியாது என்று முதலில் எழுந்து சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் செய்தேன். "சரளமாக" என்பதை அடித்துவிட்டு "எழுத்துக்கூட்டி" என்று போடுங்கள். பக்கத்திலேயே என் பேரை, இனிஷியலோடு முழுசாக அச்சடியுங்கள்.